நானே கம்பைல் செய்த 6.12 கெர்னல் பூட் ஆகவில்லை: வன்தட்டு தெரிகிறது, ரூட் மட்டும் கிடைக்கவில்லை

தொண்ணூறு அடிச் சாலை எழுதியது:

வணக்கம். மும்பை தாராவியிலிருந்து எழுதுகிறேன். கணினிப் பொறியியல் இறுதியாண்டு மாணவி. லினக்ஸின் மையநிரலான கெர்னலில் புதிதாக ஒரு சிஸ்டம் கால் (நிரல்கள் கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) சேர்த்து, அதை அழைத்துத் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று அளந்து காட்டுவதுதான் என் புராஜெக்ட். அடுத்த வாரம் செயல்விளக்கம். கம்பைல் ஆவதில் ஒரு சிக்கலும் இல்லை. ஆனால் தொடக்கத்தில் வரும் கிரப் பட்டியலில் புதிய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் கணினி பாதியிலேயே நின்றுவிடுகிறது.

லேமிங்டன் சாலையில் வாங்கிய பழைய மேசைக் கணினி இது. இன்டெல் கோர் ஐ3, 4 ஜிபி ரேம், 500 ஜிபி சாட்டா வன்தட்டு. டெபியன் 12 நிறுவியிருக்கிறேன். அதனுடன் வந்த 6.1 கெர்னல் எந்தக் குறையும் இல்லாமல் ஓடுகிறது.

செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். 6.12 மூலநிரலை இறக்கி, கான்ஃபிகரேஷனைச் சுருக்கும் 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' கொடுத்தேன். பிறகு மெனுகான்ஃபிக் என்ற அமைப்புப் பட்டியலில் ஒலி, புளூடூத், கம்பியில்லா இணைப்பு, பயன்படாத கோப்பு முறைமைகள் எல்லாவற்றையும் நீக்கினேன். ஜெனரல் செட்டப் பகுதியிலும் தேவைப்படாது என்று தோன்றியவற்றை எடுத்தேன். முழு கான்ஃபிகரேஷனோடு கம்பைல் செய்தால் இந்தக் கணினிக்கு ஓர் இரவு போதாது. வீட்டில் இருப்பது ஒரே அறை, மின்விசிறிச் சத்தத்தில் பாட்டிக்குத் தூக்கம் கெடுகிறது. அதனால் குறைத்தே ஆகவேண்டும். ஏஹெச்சிஐ (சாட்டா வட்டுக்கான டிரைவர்), ஸ்கஸி வட்டு ஆதரவு, எக்ஸ்ட்-4 (கோப்பு முறைமை) மூன்றையும் தனியே ஏற்றும் மாட்யூலாக விடாமல் கெர்னலுக்குள்ளேயே வைத்திருக்கிறேன். இதைச் சரிபார்த்துவிட்டேன்.

அடுத்து மாட்யூல்களை நிறுவினேன். ஆய்வகக் கையேட்டில் இருப்பதுபோல, கம்பைலில் கிடைத்த கெர்னலான பிஜெட்இமேஜ் கோப்பை /பூட் அடைவில் நகலெடுத்தேன். அப்டேட்-இனிட்ரேம்எஃப்எஸ், அப்டேட்-கிரப் இரண்டையும் இயக்கினேன். இனிட்ரேம்எஃப்எஸ் (பூட்டின் தொடக்கத்தில் நினைவகத்தில் விரியும் சிறு கோப்புத் தொகுப்பு) உருவானபோது ஓர் எச்சரிக்கை வந்தது: கெர்னல் கான்ஃபிகரேஷன் கோப்பு இல்லை, அதனால் இசட்-ஸ்டாண்டர்டு சுருக்கத்துக்கு ஆதரவு இருக்கிறதா என்று பார்க்க முடியவில்லை என்று. பிழை என்று சொல்லவில்லை, கோப்பும் உருவாகிவிட்டது.

பூட் செய்யும்போது ரூட் என்ற முதன்மைக் கோப்பு முறைமை கிடைக்காமல் திரையின் அடியில் நிற்பதை என் கைபேசியில் எடுத்த படத்திலிருந்து தமிழில் தருகிறேன்:

ரூட் சாதனம் 'யூயூஐடி=…' அல்லது அன்னோன்-பிளாக்(0,0) திறக்க முடியவில்லை: பிழை -6
சரியான 'ரூட்=' விருப்பத்தைச் சேர்க்கவும்; கிடைக்கக்கூடிய பகுதிகள் இவை:
0800 488386584 எஸ்டிஏ டிரைவர்: எஸ்டி
0801 எஸ்டிஏ1 (பக்கத்தில் நீண்ட ஓர் எண்)
0802 எஸ்டிஏ2
0805 எஸ்டிஏ5
கெர்னல் பேனிக்: அன்னோன்-பிளாக்(0,0) இல் ரூட் கோப்பு முறைமையை மவுண்ட் செய்ய இயலவில்லை

இதற்கு மேலே இருந்தவை எல்லாம் ஓடிப்போய்விட்டன. பேனிக் ஆன (கெர்னல் நின்றுவிட்ட) பிறகு திரையை மேலே தள்ளிப் பார்க்கவும் முடியவில்லை. இனிட்ரேம்எஃப்எஸ் கோப்பு கெட்டிருக்குமோ என்று 'ஃபைல்' கட்டளையால் பார்த்தேன். 'ஆஸ்கி சிபிஐஓ ஆவணம்' என்று சரியாகத்தான் சொல்கிறது. டெபியனை மறுபடி நிறுவும்படி மட்டும் சொல்லாதீர்கள். காரணம் தெரியாமல் இதை விட்டுவிட எனக்கு மனமில்லை.


கிங்ஸ் சர்க்கிள் எழுதியது:

சகோதரி, (0,0) என்று வந்தால் பெரும்பாலும் வட்டுக் கட்டுப்படுத்திக்கான டிரைவர் இல்லை என்றுதான் பொருள். பழைய மதர்போர்டுகளில் பயாஸ் அமைப்பில் சாட்டா முறை ஐடிஇ என்று இருக்கும். அப்படியிருந்தால் ஏஹெச்சிஐ டிரைவரால் பயன் இல்லை, ஏட்டா-பிக்ஸ் டிரைவர் தேவை. பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். அதோடு சாதனங்களை /டெவ் அடைவில் காட்டும் டெவ்டிஎம்பிஎஃப்எஸ் ஆதரவும், அது பூட்டின்போது தானாக மவுண்ட் ஆகும் விருப்பமும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். அவை இல்லாவிட்டால் இதைத் தாண்டினாலும் அடுத்த படியில் நிற்கும்.

எதுவும் சரிவரவில்லை என்றால் 6.1 கெர்னலின் கான்ஃபிக் கோப்பை எடுத்து, 'மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக்' கொடுத்து, எதையும் நீக்காமல் கம்பைல் செய்யுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் எழும்.


செம்பூர் காலனி எழுதியது:

அம்மா, முதலில் ஒன்று. கேள்வி கேட்கும்போது திரையில் இருந்ததை ஒரு வரியும் விடாமல் எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் இதற்கு விடை சொல்ல முடிகிறது. பலர் கடைசி வரியை மட்டும் எழுதிவிட்டு உதவி கேட்கிறார்கள்.

நான் பணி ஓய்வு பெற்றவன். தொழிற்சாலைகளில் வைக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் லினக்ஸ் ஏற்றுவதே என் வேலையாக இருந்தது. அந்தப் பெட்டிகளுக்குத் திரையே கிடையாது. சீரியல் கம்பி வழியாக வரும் எழுத்துகளை மட்டுமே நம்பி வேலை பார்த்தோம். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: பேனிக் வரியை ஒதுக்கிவைத்துவிட்டு, அதற்கு மேலே இருக்கும் பட்டியலைப் பாருங்கள்.

0800, எஸ்டிஏ, டிரைவர் எஸ்டி. இந்த வரி வந்துவிட்டது என்றால் ஏஹெச்சிஐ வேலை செய்திருக்கிறது, ஸ்கஸி வட்டு ஆதரவு வேலை செய்திருக்கிறது, கெர்னல் உங்கள் வன்தட்டைப் பார்த்துவிட்டது. 0801, 0802, 0805 வந்துவிட்டன என்றால் பகுதி அட்டவணையையும் படித்துவிட்டது. 08 என்பது சாட்டா வட்டுக்கான முதன்மை எண், 01 என்பது முதல் பகுதி. ஆகவே மேலே நண்பர் சொன்ன வட்டு டிரைவர் காரணம் இங்கே பொருந்தாது. அது உண்மையாக இருந்திருந்தால் இந்தப் பட்டியல் காலியாக இருந்திருக்கும். எக்ஸ்ட்-4 இல்லாமல் போயிருந்தால் (0,0) வந்திருக்காது, (8,1) வந்திருக்கும். அதாவது பகுதியைக் கண்டுபிடித்தேன், அதில் இருப்பதைப் படிக்கத் தெரியவில்லை என்று சொல்லியிருக்கும்.

அப்படியானால் வட்டு கண்முன்னே இருக்கும்போது (0,0) எதற்கு? உங்கள் ரூட் விருப்பத்தில் 'யூயூஐடி=' இருக்கிறது. கோப்பு முறைமையின் அடையாள எண்ணான யூயூஐடியை வைத்துப் பகுதியைத் தேடக் கெர்னலுக்குத் தெரியாது. /டெவ்/எஸ்டிஏ1 என்ற பெயர் தெரியும், பகுதியின் அடையாள எண்ணான 'பார்ட்யூயூஐடி=' தெரியும், முதன்மை எண்ணும் துணை எண்ணும் தெரியும். 'யூயூஐடி=' என்பதைப் பகுதியாக மாற்றித் தருவது இனிட்ரேம்எஃப்எஸ் உள்ளே இருக்கும் நிரல்கள்தான். வீட்டு எண்ணைச் சொன்னால் தபால்காரர் தானே போய்விடுவார். குடும்பத்தின் பட்டப்பெயரைச் சொன்னால் அந்தத் தெருக்காரர் ஒருவர் கூட வந்து காட்ட வேண்டும். அந்தத் தெருக்காரர் உங்கள் கணினியில் வரவே இல்லை.

ஆக, இனிட்ரேம்எஃப்எஸ் ஏற்றப்பட்டது, ஆனால் விரியவில்லை என்பது என் கணிப்பு. விரிந்திருந்தால் கெர்னல் தானே ரூட்டைத் தேடும் கட்டத்துக்கே வந்திருக்காது. ரூட் கிடைக்காவிட்டாலும் அதற்குள் இருக்கும் பிஸிபாக்ஸ் ஷெல்லில் போய் நின்றிருக்கும்.

காரணம் நீங்கள் குறிப்பிட்ட அந்த எச்சரிக்கை வரியிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். டெபியன் 12, இனிட்ரேம்எஃப்எஸ் கோப்பை இயல்பாக இசட்-ஸ்டாண்டர்டு முறையில் சுருக்குகிறது. அதை விரிக்கும் திறன் கெர்னலுக்கு 2020இல், 5.9 பதிப்பில் வந்தது. ஆனால் அது ஒரு விருப்பத் தேர்வு. மெனுகான்ஃபிக்கில் ஜெனரல் செட்டப் உள்ளே, இனிஷியல் ரேம் ஃபைல்சிஸ்டம் என்ற வரிக்குக் கீழே ஜிஜிப், பிஜிப்2, எல்இசட்எம்ஏ, எக்ஸ்இசட் என்று ஒரு வரிசை இருக்கும். அதில் கடைசியில் இருப்பது இசட்-ஸ்டாண்டர்டு. பெயரைப் பார்த்தால் எதற்கென்றே தெரியாது, இடத்தை மிச்சப்படுத்துகிறவர்கள் அதை எடுத்துவிடுகிறார்கள்.

இதில் டெபியன்காரர்களைக் குறை சொல்லவே முடியாது. இனிட்ரேம்எஃப்எஸ் உருவாக்கும் நிரல் முதலில் /பூட் அடைவில் அந்தக் கெர்னலின் கான்ஃபிக் கோப்பைத் திறந்து, இந்தச் சுருக்கத்துக்கு ஆதரவு இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் தானாகவே ஜிஜிப்புக்கு மாறிவிடும். உங்கள் ஆய்வகக் கையேடு பிஜெட்இமேஜ் கோப்பை மட்டும் நகலெடுக்கச் சொல்கிறது. கான்ஃபிக் கோப்பு அங்கே இல்லை. பார்க்க முடியவில்லை என்று சொல்லிவிட்டு வழக்கமான முறையிலேயே சுருக்கிவிட்டது.

'ஃபைல்' கட்டளை சொன்னதை நம்ப வேண்டாம். இன்டெல் மைக்ரோகோடு (செயலிக்கான திருத்தங்கள்) தொகுப்பு நிறுவப்பட்டிருந்தால், இனிட்ரேம்எஃப்எஸ் கோப்பின் தலைப்பகுதியில் மைக்ரோகோடு சுருக்கப்படாத சிபிஐஓ தொகுப்பாக ஒட்டியிருக்கும். உண்மையான, சுருக்கப்பட்ட பகுதி அதன் பின்னால் இருக்கிறது. 'ஃபைல்' தலையை மட்டுமே பார்க்கிறது.

நான் சொல்வதை அப்படியே ஏற்காதீர்கள். கம்பைல் செய்யாமலேயே சரிபார்க்கலாம்.

ஒன்று: கிரப் பட்டியலில் புதிய கெர்னல் மீது நின்று 'இ' விசையை அழுத்துங்கள். 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் முடிவில் 'குவைட்' இருந்தால் எடுத்துவிட்டு 'லாக்லெவல்=1' என்று சேருங்கள். எஃப்10 அழுத்திப் பூட் செய்யுங்கள். பொதுவாக எல்லாரும் செய்திகளை அதிகமாக்கச் சொல்வார்கள். இங்கே குறைக்க வேண்டும். இனிட்ரேம்எஃப்எஸ் விரியாமல் போனால் கெர்னல் அதை மிக உயர்ந்த அவசரநிலையில் அச்சிடுகிறது. லாக்லெவல் 1 வைத்தால் அந்த நிலைச் செய்திகள் மட்டுமே திரைக்கு வரும். மற்றவை அதைத் தள்ளிவிடாது.

இரண்டு: அதே வரியில் 'ரூட்=யூயூஐடி…' என்பதை 'ரூட்=/டெவ்/எஸ்டிஏ1' என்று மாற்றிப் பூட் செய்யுங்கள். டிரைவர்களும் எக்ஸ்ட்-4ம் கெர்னலுக்குள்ளேயே இருப்பதால் இனிட்ரேம்எஃப்எஸ் உதவி இல்லாமலேயே எழ வேண்டும். கிரப்பில் இப்படித் திருத்துவது அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான்; வட்டில் எதுவும் மாறாது.

இரண்டின் விடையையும் எழுதுங்கள்.


தொண்ணூறு அடிச் சாலை எழுதியது:

ஐயா, நன்றி. இரண்டையும் செய்தேன்.

லாக்லெவல் 1 வைத்ததும் பேனிக் வரிக்கு மேலே ஒரே ஒரு செய்தி நின்றது: 'இனிட்ரேம்எஃப்எஸ் அன்பேக்கிங் ஃபெயில்டு: கம்ப்ரஷன் மெத்தட் இசட்எஸ்டிடி நாட் கான்ஃபிகர்டு'. இத்தனை தெளிவாக ஒரு வரி இருந்தும் அது என் கண்ணில் படாமல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

ரூட்டை /டெவ்/எஸ்டிஏ1 என்று மாற்றியதும் உள்ளே நுழைந்தது. கெர்னல் பதிப்பைச் சொல்லும் 'யூநேம்' 6.12 காட்டுகிறது.

இப்போது இரண்டு வழி தெரிகிறது. கெர்னலில் இசட்-ஸ்டாண்டர்டு ஆதரவைச் சேர்ப்பது, அல்லது இனிட்ரேம்எஃப்எஸ் கோப்பை ஜிஜிப்பில் சுருக்குவது. எது நல்லது? /டெவ்/எஸ்டிஏ1 என்றே நிரந்தரமாக வைத்துவிட்டால் என்ன?


செம்பூர் காலனி எழுதியது:

/டெவ்/எஸ்டிஏ1 நிரந்தரமாக வேண்டாம். இன்னொரு வட்டைச் செருகினால் பெயர் மாறிவிடலாம். இனிட்ரேம்எஃப்எஸ் இல்லாமல்தான் ஓட்டுவேன் என்றால் 'பார்ட்யூயூஐடி=' பயன்படுத்துங்கள். உங்கள் படத்தில் 0801 வரியின் கடைசியில் இருக்கும் நீண்ட எண் அதுதான். 'இந்தா, இதைப் போட்டுக்கொள்' என்று கெர்னலே கையில் தருகிறது. அந்தப் பட்டியலை எழுதிய நிரலாளர், எங்கோ ஒரு மூலையில் யாரோ ஒருவர் இந்தத் திரையின் முன் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்து எழுதியிருக்கிறார். பேனிக் வந்தவுடன் பயந்து மின்சாரத்தை அணைக்காமல் படித்தால் அது நமக்குப் பயன்படுகிறது.

இன்றைக்கே தீர வேண்டுமானால் கம்பைல் தேவையில்லை. உங்கள் மூலநிரல் அடைவில் இருக்கும் '.கான்ஃபிக்' கோப்பை /பூட் அடைவில் 'கான்ஃபிக்-' என்ற பெயரோடு, கெர்னல் பதிப்பைச் சேர்த்து நகலெடுங்கள். பெயரில் வரும் பதிப்பு 'யூநேம்' காட்டுவதோடு ஓர் எழுத்தும் மாறாமல் இருக்க வேண்டும். பிறகு அப்டேட்-இனிட்ரேம்எஃப்எஸ் கட்டளையை அந்தப் பதிப்புக்கு மீண்டும் இயக்குங்கள். இந்தத் தடவை அது கான்ஃபிக்கைப் படித்து, இசட்-ஸ்டாண்டர்டு இல்லை, ஜிஜிப் பயன்படுத்துகிறேன் என்று சொல்ல வேண்டும். ஜிஜிப்பையும் நீக்கியிருந்தால் மட்டும் வேறு பேச்சு.

அடுத்த முறை கம்பைல் செய்யும்போது இசட்-ஸ்டாண்டர்டு ஆதரவைச் சேர்த்துவிடுங்கள். அது எடுக்கும் இடம் பொருட்படுத்தத் தக்கதல்ல.


ஆன்டாப் ஹில் எழுதியது:

செம்பூர் ஐயா சொன்னதோடு சிலவற்றைச் சேர்க்கிறேன். நானும் கல்லூரியில் இதே புராஜெக்ட் செய்தவன்.

நகலெடுக்கும் வேலையையே விட்டுவிடலாம். மூலநிரல் அடைவில் 'மேக் பின்டெப்-பிகேஜி' கொடுத்தால் டெபியன் தொகுப்புகளாகவே வெளியே வரும். டிபிகேஜி கொண்டு நிறுவினால் கெர்னல், கான்ஃபிக், சிஸ்டம் மேப் மூன்றும் /பூட் அடைவுக்குத் தாமே போகும்; இனிட்ரேம்எஃப்எஸ் உருவாவதும் கிரப் புதுப்பிப்பதும் தானாக நடக்கும். வேண்டாமென்றால் மற்ற தொகுப்புகளைப் போலவே நீக்கலாம். இதைக் கையேடுகளில் போட்டால் பாதிப் பேருக்கு இந்தச் சிக்கலே வராது.

சிஸ்டம் கால் நிரலை மாற்றி மாற்றிச் சோதிக்கக் கணினியை ஒவ்வொரு தடவையும் மீண்டும் பூட் செய்யவேண்டியதில்லை. க்யூஎமு என்ற மெய்நிகர் கணினி இருக்கிறது. பிஜெட்இமேஜ், இனிட்ரேம்எஃப்எஸ் இரண்டையும் நேரடியாகக் கொடுத்து, 'கன்சோல்=டிடிஒய்எஸ்0' என்று சேர்த்து, படத்திரை இல்லாமல் ஓட்டினால் பூட் செய்திகள் முழுவதும் உங்கள் டெர்மினலில் வரும். மேலே தள்ளிப் படிக்கலாம், கோப்பில் சேமிக்கலாம். உங்களுக்கு வந்த இந்தப் பிழையும் அங்கே முதல் சில விநாடிகளிலேயே தெரிந்திருக்கும். கெர்னலில் 8250 சீரியல் கன்சோல் ஆதரவை மட்டும் நீக்காமல் வையுங்கள். நேரம் அளப்பதை மட்டும் உண்மையான கணினியில் செய்யுங்கள். மெய்நிகர் கணினியில் எண்கள் ஏறி இறங்கும்.

உண்மையான கணினியில் சோதிக்கும்போது கெர்னல் வரியில் 'பேனிக்=20' சேருங்கள். பேனிக் ஆனால் இருபது விநாடியில் தானே மீண்டும் தொடங்கும். கிரப் அமைப்பில் இயல்புத் தேர்வை 'சேவ்டு' என்று வைத்து, 'கிரப்-ரீபூட்' கட்டளையால் புதிய கெர்னலை அடுத்த ஒரு பூட்டுக்கு மட்டும் தேர்ந்தெடுத்தால், அது விழுந்தாலும் பழைய 6.1 தானாக எழுந்து நிற்கும்.

இன்னொன்று, இதைக் கட்டாயம் கவனியுங்கள். லோக்கல்மாட்கான்ஃபிக் என்ன செய்கிறது என்றால், அந்த நேரத்தில் ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்குகிறது. அப்போது பென்டிரைவ் செருகியிருந்தீர்களா? இல்லையென்றால் செயல்விளக்கத்தன்று அதைச் செருகினால் கணினி கண்டுகொள்ளாது. அடுத்த முறை அதை இயக்குவதற்கு முன் பென்டிரைவ், யூஎஸ்பி விசைப்பலகை, கைபேசி வழி இணையம் என்று பயன்படுத்தப்போகும் எல்லாவற்றையும் செருகி, பென்டிரைவை ஒருமுறை திறந்தும் பாருங்கள். செருகினால் மட்டும் போதாது. திறந்தால்தான் பென்டிரைவின் கோப்பு முறைமையான வி-ஃபேட்டும் அதற்குத் தேவையான கோட்பேஜ் 437 மாட்யூலும் ஏறும்.


கிங்ஸ் சர்க்கிள் எழுதியது:

பட்டியல் காலியா இல்லையா என்பதை வைத்து இப்படிப் பிரித்துப் பார்க்கலாம் என்பது எனக்குப் புதிது. செம்பூர் ஐயாவுக்கு நன்றி. சகோதரி, பென்டிரைவ் விஷயத்தை விட்டுவிடாதீர்கள். ஆன்டாப் ஹில் தம்பி சொன்னது மிகவும் சரி.


தொண்ணூறு அடிச் சாலை எழுதியது:

கான்ஃபிக் கோப்பை நகலெடுத்து இனிட்ரேம்எஃப்எஸ் மீண்டும் உருவாக்கினேன். ஐயா சொன்னபடியே ஜிஜிப்புக்கு மாறுவதாக ஒரு வரி வந்தது. யூயூஐடியோடு நேராக எழுந்துவிட்டது. பென்டிரைவ் உண்மையிலேயே தெரியவில்லை. அதனால் அண்ணா சொன்னபடி எல்லாவற்றையும் செருகிவைத்து, இசட்-ஸ்டாண்டர்டையும் சேர்த்து, இன்றிரவு பின்டெப்-பிகேஜி ஓடுகிறது. பாட்டியை அத்தை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.

சிஸ்டம் கால் எண்ணுக்கு 463 கொடுத்திருக்கிறேன். 6.12 அட்டவணையில் கடைசியாக இருப்பது 462, எம்சீல் என்ற அழைப்பு. இதில் ஏதாவது சிக்கல் வருமா?


செம்பூர் காலனி எழுதியது:

6.12இல் 463 காலிதான், தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் 6.13இல் அந்த எண்ணை செட்எக்ஸ்ஆட்டர்அட் என்ற அழைப்பு எடுத்துக்கொண்டது. கல்லூரியில் வேறு கணினியில் புதிய கெர்னல் வைத்து இயக்கிக் காட்டச் சொன்னால் உங்கள் சோதனை நிரல் வேறொன்றை அழைக்கும். எண்ணை நிரலுக்குள் பல இடங்களில் எழுதாமல், ஒரே இடத்தில் வரையறுத்து வையுங்கள். சோதனை நிரல் தொடக்கத்தில் கெர்னல் பதிப்பைப் பார்த்து, 6.12 இல்லையென்றால் அதைச் சொல்லிவிட்டு நிற்கட்டும்.

அட்டவணையில் 512 முதல் 547 வரை இருப்பவை எக்ஸ்32 என்ற தனி முறைக்கு உரியவை. கடைசி வரியைப் பார்த்து 548 என்று எண் கொடுப்பவர்கள் உண்டு. நீங்கள் 462க்கு அடுத்ததை எடுத்தது சரி.

நேரம் அளக்கும்போது ஓர் அழைப்பை மட்டும் அளக்காதீர்கள். லட்சக்கணக்கில் அழைத்துச் சராசரி எடுங்கள். கூடவே கெட்பிபிஐடி (தாய்ச் செயல்முறையின் எண்ணைத் தருவது) போன்ற எளிய அழைப்பையும் அதே முறையில் அளந்து பக்கத்தில் வையுங்கள். தேர்வாளர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.